மூளையின் உயர் செயல்களை மேற்படிப்பாகப் படிக்கலாமா? கோலாலம்பூர், பினாங்கு மாணவர்கள் கேட்கும் கேள்விகள்

கவனம், நினைவு, மொழி, திட்டமிடல், தன்னைக் கட்டுப்படுத்தும் திறன் ஆகியவற்றை முதுகலை, முனைவர் நிலையில் படிக்க நினைக்கும் நம் பிள்ளைகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கிள்ளான் பள்ளத்தாக்கிலும் பினாங்கிலும் வீடு வீடாகப் போய் முதியவர்களின் நினைவாற்றலைச் சோதித்த அனுபவத்தில் எழுதுகிறேன். நம் மக்களை நம் மொழியில் உட்கார வைத்துப் பேசி, முறையாகச் சோதித்து, அதை ஆய்வாக எழுதத் தெரிந்தவர்கள் இந்தத் துறைக்குத் தேவை. என் பதில்கள் எல்லாமே அந்த எண்ணத்திலிருந்து வருபவைதான்.

‘உயர் செயல்கள்’ என்று எவற்றைச் சொல்கிறார்கள்?

பினாங்கு நாசி கண்டார் கடையில் கணக்குச் சொல்பவரைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். தட்டு அவர் முன்னால் வந்து நிற்கும். சோறு, மீன்முட்டை, வெண்டைக்காய், கலந்து ஊற்றிய குழம்பு, அதற்கடியில் பாதி மறைந்த கோழித்துண்டு. ஒரே பார்வையில் எல்லாவற்றையும் பிரித்தறிந்து, ஒவ்வொன்றின் விலையையும் நினைவிலிருந்து எடுத்து, கூட்டி, எதிரில் நிற்பவர் யாரென்று பார்த்து, அவருக்கேற்ற மொழியில் தொகையைச் சொல்கிறார். பின்னாலிருந்து யாராவது தே தாரேக் கேட்டுச் சத்தம் போட்டாலும் கணக்கு தவறுவதில்லை.

தட்டைப் பார்ப்பதும் சத்தத்தைக் கேட்பதும் புலன்களின் வேலை. தேவையானதை மட்டும் கவனிப்பது, விலைகளை மனத்தில் பிடித்து வைத்துக்கொண்டே கூட்டுவது, வாய்க்கு வரும் முதல் மொழியை அடக்கி வேறு மொழியைத் தேர்வது, இடையூறு வந்தும் தொடர்வது ஆகியவை உயர் செயல்கள். பகுத்தறிதல், முடிவெடுத்தல், பிறர் மனத்தில் என்ன ஓடுகிறது என்று ஊகித்தல் ஆகியவையும் இதில் சேரும். இவற்றில் திட்டமிடல், அடக்கல், மாற்றிக்கொள்ளல் ஆகியவற்றை நிர்வாகச் செயல்கள் என்று தனியாகப் பிரிப்பார்கள்.

அப்படியென்றால் என்னென்ன படிக்க வேண்டியிருக்கும்?

முதலில் மூளைக் காயங்களின் வரலாறு. 1861இல் பாரிஸில் போல் புரோக்கா என்ற மருத்துவர், ‘டான்’ என்ற ஓரசையைத் தவிர வேறெதுவும் பேச முடியாத நோயாளி இறந்தபின் மூளையைப் பார்த்தார். இடது முன்பகுதியில் சேதம் இருந்தது. 1874இல் வெர்னிக்கே, சரளமாகப் பேசியும் பிறர் சொல்வதைப் புரிந்துகொள்ள முடியாத நோயாளிகளைப் பற்றி எழுதினார். 1953இல் வலிப்பு நோய்க்காக மூளையின் இருபுறமும் ஹிப்போகேம்பஸ் பகுதி நீக்கப்பட்ட ஹென்றி மொலைசன், அதன்பின் புதிய நிகழ்வு எதையும் நினைவில் வைக்க முடியாதவரானார். பிரெண்டா மில்னர் அவருக்குக் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சி கொடுத்தார். நாளுக்கு நாள் கை தேறிக்கொண்டே போனது. ஆனால் ஒவ்வொரு நாளும் அதை முதல் தடவை செய்வதாகவே அவர் நினைத்தார். நினைவு என்பது ஒரே பொருள் அல்ல என்று தெரிய வந்தது இப்படித்தான்.

பிறகு அலெக்சாந்தர் லூரியா. இரண்டாம் உலகப்போரில் தலையில் காயம்பட்ட வீரர்களோடு வேலை செய்தவர். மூளை விழித்திருப்பதற்கு ஓர் அமைப்பு, செய்தியைப் பெற்றுச் சேமிக்க ஓர் அமைப்பு, திட்டமிட்டுச் சரிபார்க்க ஓர் அமைப்பு என்று மூன்றாகப் பிரித்து, எந்த உயர் செயலும் ஒரே இடத்தில் குடியிருப்பதில்லை, பல பகுதிகள் சேர்ந்து செய்யும் வேலை என்று காட்டினார். இத்துறையில் எனக்கு ஆசான் என்றால் அவர்தான். செய்தியைச் சற்று நேரம் மனத்தில் பிடித்து வைத்துக் கையாளும் செயல்நினைவுக்கு 1974இல் பாட்லியும் ஹிட்சும் முன்வைத்த மாதிரியையும், நிர்வாகச் செயல்களை மாற்றல், புதுப்பித்தல், அடக்கல் என்று பிரித்துக் காட்டிய மியாகே குழுவின் 2000ஆம் ஆண்டு ஆய்வையும் நீங்கள் கரைத்துக் குடிக்க வேண்டியிருக்கும். இவற்றோடு நரம்பு உடற்கூற்றியல், புள்ளியியல், ஆய்வு முறையியல்.

மருத்துவம் படித்திருக்க வேண்டுமா?

வேண்டாம். உளவியல், மொழியியல், கல்வியியல், உயிரியல், பேச்சு அறிவியல், கணினி அறிவியல் என்று பல வாசல்கள் உண்டு. மொழியியலில் இருந்து வருபவர்களுக்கு நான் கொஞ்சம் கூடுதலாகவே ஊக்கம் கொடுப்பேன்.

நம் நாட்டில் எங்கே படிக்கலாம்?

பினாங்கு மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1969இல் தொடங்கிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின், அதாவது யு.எஸ்.எம்.மின், முதன்மை வளாகம் உங்கள் கெலுகோரில்தான் இருக்கிறது. ஆனால் அதன் மருத்துவப் பள்ளியும் நரம்பறிவியல் துறையும் இருப்பது கிளந்தானின் குபாங் கிரியானில். அறிவாற்றல் நரம்பறிவியலில் முதுகலைப் படிப்பு நடத்துவது அந்தத் துறைதான். கிரிக், ஜெலி வழியாக மலைப்பாதையில் தீபகற்பத்தின் மறுகரைக்குப் போக வேண்டும். வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். தீவு வளாகத்திலேயே இருக்க வேண்டும் என்றால் சமூக அறிவியல், மொழி, கணினித் துறைகளில் பொருத்தமான மேற்பார்வையாளரைத் தேடலாம்.

கோலாலம்பூர் பக்கம் மலாயாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம், கல்வி உளவியல், மொழியியல் மூன்றும் ஒரே வளாகத்தில் கிடைக்கின்றன. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் சுகாதார அறிவியல் புலம் ஜாலான் ராஜா மூடா அப்துல் அஜிஸில் இருக்கிறது. மருத்துவ உளவியலுக்கும் பேச்சு அறிவியலுக்கும் பெயர் பெற்றது. நகருக்குச் சற்று வெளியே செமின்யியில் நாட்டிங்ஹாம், சன்வேயில் மோனாஷ், சன்வே ஆகிய தனியார் பல்கலைக்கழகங்கள். சரவாக் மலேசியப் பல்கலைக்கழகமான யுனிமாஸில் அறிவாற்றல் அறிவியல், மனித மேம்பாட்டுப் புலம் என்று ஒன்று இருக்கிறது.

பெயரில் ‘நரம்பு’ என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துப் படிப்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்த இடத்தில் யார் என்ன ஆய்வு செய்கிறார் என்று பாருங்கள். படிப்பு மலேசியத் தகுதி முகமையின், அதாவது எம்.கியூ.ஏ.வின், அங்கீகாரம் பெற்றதா என்பதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஆய்வு முறை, பாடமுறை, கலப்பு முறை என்கிறார்களே. எதை எடுப்பது?

முனைவர் பட்டம் வரை போக நினைத்தால் ஆய்வு முறை அல்லது கலப்பு முறை. இளங்கலை வேறு துறையில் முடித்திருந்தால் கலப்பு முறையே நல்லது. அடிப்படைப் பாடங்களும் கிடைக்கும், ஆய்வுக் கட்டுரையும் எழுதுவீர்கள். முதுகலைக்கு ஒன்றிலிருந்து இரண்டு ஆண்டு. முனைவர் பட்டத்துக்கு முழுநேரமாக மூன்று ஆண்டு என்று தாளில் இருக்கும். ஆட்களைத் திரட்டிச் சோதிக்கும் ஆய்வுக்கு நான்கு என்று வைத்துத் திட்டமிடுங்கள்.

இதைப் படித்தால் நான் மருத்துவ உளவியலாளர் ஆகிவிடலாமா?

ஆக முடியாது. இதைத் தெளிவாகப் புரிந்துகொள்ளாமல் சேர்ந்து, பிறகு வருந்துபவர்களைப் பார்க்க எனக்கு மனம் கஷ்டமாக இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம், அதாவது சட்டம் 774, 2020 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. மருத்துவ உளவியலாளர், பேச்சு-மொழிச் சிகிச்சையாளர் போன்றோர் அதன்படி பதிவு பெற்றுத்தான் தொழில் செய்ய முடியும். மருத்துவ உளவியலில் அதற்கென உள்ள முதுகலைப் படிப்பையும் மேற்பார்வையுடன் கூடிய களப்பயிற்சியையும் முடித்திருக்க வேண்டும். அறிவாற்றல் நரம்பறிவியல் முதுகலை அதற்கு ஈடாகாது. நோயாளிகளைப் பார்க்கும் ஆசை இருந்தால் முதலில் அந்தப் படிப்பு, பிறகு இந்த ஆய்வு. ஆய்வுதான் உங்கள் ஆசை என்றால் நேராக வரலாம்.

எம்.ஆர்.ஐ. இயந்திரம் இல்லாமல் மூளை ஆய்வு செய்ய முடியுமா அக்கா?

தாராளமாக முடியும். 1935இல் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் பயன்படுத்தியவை காகிதமும் வண்ண மையும்தான். ‘சிவப்பு’ என்ற சொல்லைப் பச்சை மையில் அச்சிட்டு மையின் நிறத்தைச் சொல்லச் சொன்னால் நாக்கு தடுமாறும். வாசிக்கும் பழக்கத்தை அடக்க மூளைக்கு ஆகும் நேரம் அது. இன்றும் அடக்கும் திறனை அளக்க அதே சோதனையைத்தான் பயன்படுத்துகிறோம்.

மூளை வேலை செய்யும்போது படம் பிடிக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. அளப்பது நரம்பு செல்களின் வேலையை நேரடியாக அல்ல. இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு மாறுவதை. அந்த மாற்றம் உச்சத்துக்கு வர ஐந்தாறு விநாடி ஆகும். எது எப்போது நடந்தது என்று மில்லி விநாடிக் கணக்கில் தெரிய வேண்டுமானால், தலையில் மின்முனைகள் வைத்து மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி.தான் சரி, செலவும் குறைவு. கேள்வி என்ன என்பதைப் பொறுத்துத்தான் கருவி. மூளைப் படத்தின் மேல் உள்ள மோகத்தில் கேள்வியே இல்லாமல் ஆய்வு முன்மொழிவு எழுதுபவர்கள் உண்டு. ஒரு மடிக்கணினி, சோதனைகளை உருவாக்க இலவசமாகக் கிடைக்கும் சைக்கோபை மென்பொருள், நன்றாக யோசித்த ஒரு கேள்வி. முதுகலைக்கு இவை போதும்.

கணக்கு வராது. சமாளிக்கலாமா?

பள்ளிக்கூடக் கணக்கில் பயம் இருந்தாலும் பரவாயில்லை. புள்ளியியலைத் தட்டிக்கழிக்க மட்டும் முடியாது. 2009இல் பென்னட் என்பவரும் குழுவினரும் செத்துப்போன ஒரு சால்மன் மீனை ஸ்கேனருக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, அவர்கள் என்ன உணர்கிறார்கள் என்று ‘கேட்டார்கள்’. ஆயிரக்கணக்கான புள்ளிகளை ஒரே நேரத்தில் சோதிப்பதற்கான திருத்தம் செய்யாமல் கணக்கிட்டபோது மீனின் மூளையில் ‘செயல்பாடு’ தெரிந்தது. திருத்தம் செய்ததும் மறைந்தது. 2015இல் 100 உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்த பெரிய கூட்டு முயற்சியில், சுமார் 36 விழுக்காட்டில்தான் குறிப்பிடத்தக்க முடிவு திரும்பக் கிடைத்தது. ஆகவே ‘ஆர்’ என்ற புள்ளியியல் மென்பொருளை இன்றே கற்கத் தொடங்குங்கள். பார்த்துச் செய்தால் பிடிபட்டுவிடும்.

தமிழ் தெரிந்திருப்பதால் இந்தத் துறையில் என்ன பயன்?

நான் அதிகம் பேச விரும்பும் கேள்வி இது.

இலக்க வீச்சு என்று ஒரு சோதனை. எண்களை ஒவ்வொன்றாகச் சொல்வோம், கேட்டவர் அதே வரிசையில் திருப்பிச் சொல்ல வேண்டும். செயல்நினைவை அளக்கும் மிக எளிய வழி. ஆனால் எந்த மொழியில் எண்ணுவது? ஏறக்குறைய இரண்டு விநாடியில் உச்சரித்துவிடக் கூடியதைத்தான் செவிவழி நினைவு தாங்கும் என்று பாட்லி குழு 1975இல் காட்டியது. மாண்டரினில் ஒன்றிலிருந்து ஒன்பது வரை எல்லாம் ஓரசை. மலாயில் பெரும்பாலும் ஈரசை, ‘செம்பிலான்’ மூன்று. தமிழிலும் பெரும்பாலும் ஈரசை. மூன்று இனத்தவரையும் அவரவர் தாய்மொழியில் சோதித்து, சீனர்களின் நினைவாற்றல் கூடுதல் என்று முடிவு கட்டினால் அது மூளையைப் பற்றிய முடிவே அல்ல. நம்மவர்களில் பலர் தொலைபேசி எண்ணை ஆங்கிலத்திலோ மலாயிலோதான் சொல்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொண்டால் சிக்கல் இன்னும் கூடும். இதை வடிவமைக்கத் தெரிந்தவர் இந்த வாழ்க்கையை வாழ்ந்தவராகத்தான் இருக்க முடியும்.

அடுத்து, சொல் சரளம். ஒரு நிமிடத்தில் குறிப்பிட்ட எழுத்தில் தொடங்கும் சொற்களைச் சொல்ல வேண்டும். தமிழில் ‘ப’ என்று கேட்டால் ‘பழம்’ சரி. ‘பாட்டு’, ‘பூ’, ‘பேய்’ சேருமா? மெய்யொலியா, உயிர்மெய் எழுத்தா? பிரிக்பீல்ட்ஸில் வளர்ந்த ஒருவர் ‘பஸ்’, ‘பாசார்’, ‘பாலேக்’ என்று ஆங்கில, மலாய்ச் சொற்களை அடுக்கினால் மதிப்பெண் கொடுப்பதா இல்லையா? இவற்றையெல்லாம் சோதனை தொடங்குவதற்கு முன்பே முடிவு செய்து எழுதி வைக்க வேண்டும். வேறு நாட்டில் தயாரித்த தமிழ் வடிவத்தை அப்படியே எடுத்து வந்தால் இங்கே பொருந்தாது.

மூன்றாவது, பள்ளிப் படிப்பு. ‘மோகா’ என்ற சோதனை 2005 முதல் மறதிநோயை முன்கூட்டியே கண்டறிய உலகெங்கும் பயன்படுகிறது. மொத்தம் 30 மதிப்பெண், 26க்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும் என்பது மூல ஆய்வின் வரம்பு. அதில் நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்லும் பகுதி உண்டு. ரப்பர் தோட்டத்தில் பிறந்து, தோட்டப் பள்ளியில் இரண்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டு பால்மரம் வெட்டப் போன ஒரு பாட்டியிடம் அதைக் கேட்டேன். “எனக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாதும்மா” என்று சிரித்துவிட்டார். கடிகாரம் வரையச் சொன்னபோது பென்சிலைப் பிடிப்பதற்கே தயங்கினார். சோதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது, தான் நடத்தும் சீட்டில் யார் எத்தனை மாதம் கட்டியிருக்கிறார், யார் எடுத்துவிட்டார், யாருக்கு எவ்வளவு வெள்ளி பாக்கி என்று ஒரு தாளும் இல்லாமல் வரிசையாகச் சொன்னார். படிப்பு 12 ஆண்டோ அதற்குக் குறைவோ என்றால் மோகா ஒரு மதிப்பெண் கூட்டித் தரும். அந்த ஒரு மதிப்பெண் இந்தப் பாட்டிக்கு எந்த மூலைக்கு?

இதே கேள்வி லூரியாவுக்கும் வந்தது. 1930களின் தொடக்கத்தில் உஸ்பெகிஸ்தானில் பள்ளி செல்லாத விவசாயிகளிடம், ‘வடக்கே பனிப் பிரதேசத்தில் கரடிகள் எல்லாம் வெள்ளை, இன்ன ஊர் வடக்கே இருக்கிறது, அங்கே கரடி என்ன நிறம்?’ என்று கேட்டார். நான் போய்ப் பார்த்ததில்லை, பார்க்காததைப் பற்றி எப்படிச் சொல்வது என்ற போக்கில் பதில்கள் வந்தன. தர்க்கம் தெரியாதவர்களின் பதிலாக எனக்கு இது தோன்றவில்லை. பள்ளிக்கூடம் பழக்கும் ஒரு விளையாட்டை அவர்கள் ஆடியதில்லை, அவ்வளவுதான். நம் தோட்டத் தலைமுறைக்கு ஏற்ற அளவுகோல்கள் உருவாக வேண்டும். அந்தத் தலைமுறை நம்மோடு இருக்கும் காலம் நீளமில்லை.

மூன்று மொழி பேசினால் மூளை கூர்மையாகுமா?

வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், வேலையில் ஆங்கிலம் என்று இருக்கும் நமக்கு இது பிடித்த கேள்வி. 2013இல் சுவர்ணா அல்லாடி குழுவினர் ஹைதராபாத்தில் 648 மறதிநோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்தபோது, இருமொழி பேசுவோருக்கு நோய் சராசரியாக நாலரை ஆண்டு தாமதமாகத் தொடங்கியது தெரிந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அந்த வேறுபாடு இருந்தது. நம் சூழலுக்கு நெருக்கமான ஆய்வு என்பதால் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் ஆரோக்கியமான பெரியவர்களின் நிர்வாகச் செயல்களில் இருமொழியால் ஆதாயம் உண்டா என்றால், 2018இல் லெஹ்டோனென் குழு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, ஆதாயம் காட்டிய ஆய்வுகளே அதிகம் வெளியாவதால் வரும் பிரசுரச் சாய்வைத் திருத்தியதும் நம்பத்தக்க ஆதாயம் இல்லை என்றது. வழக்கு இன்னும் முடியவில்லை. ஆய்வுத் தலைப்பு தேடுபவர்களுக்கு அது நல்ல செய்தி.

மேற்பார்வையாளரை எப்படி அணுகுவது?

அவருடைய கட்டுரைகளில் இரண்டையாவது முழுக்கப் படியுங்கள். மின்னஞ்சல் சுருக்கமாக இருக்கட்டும்: நீங்கள் யார், அவருடைய எந்த ஆய்வு உங்களை இழுத்தது, நீங்கள் கேட்க நினைக்கும் கேள்வி என்ன. பட்டத்தைச் சரியாகப் பார்த்து ‘டாக்டர்’, ‘புரொஃபசர்’ என்று எழுதுங்கள். அவர் தமிழரே ஆனாலும் முதல் கடிதத்தில் ‘சார்’, ‘அக்கா’ வேண்டாம். சேருவதற்கு முன் அவருடைய இப்போதைய மாணவர்களில் ஒருவரையாவது சந்தித்து, எத்தனை வாரத்துக்கு ஒருமுறை பார்க்க முடிகிறது, எழுதிக் கொடுத்தால் எப்போது திருத்தி வருகிறது என்று கேளுங்கள். பெரிய பெயரைவிட இந்த இரண்டு பதில்கள் முக்கியம்.

பணத்துக்கு என்ன வழி?

மேற்பார்வையாளரிடம் உயர்கல்வி அமைச்சின் எஃப்.ஆர்.ஜி.எஸ். போன்ற மானியம் இருந்தால் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்து மாத உதவித்தொகை பெறலாம். முதல் சந்திப்பிலேயே இதைக் கேட்பது தவறில்லை. பல்கலைக்கழகங்களின் சொந்த உதவித்தொகைகளும், மைபிரெயின் போன்ற அரசுத் திட்டங்களும் அவ்வப்போது திறக்கும். கடன் வாங்கித் தனியார் முதுகலையில் சேருமுன் மேற்கூறிய எல்லாக் கதவுகளையும் தட்டிவிடுங்கள்.

முதியவர்களைச் சோதிக்க என்ன அனுமதி வேண்டும்? எப்படிப் பேசுவது?

பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒரு கேள்விகூடக் கேட்கக்கூடாது. சுகாதார அமைச்சின் மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ செய்வதென்றால் என்.எம்.ஆர்.ஆர். என்ற தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவும் அமைச்சின் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். பல சோதனைகளுக்குப் பதிப்புரிமை உண்டு. நாமாக மொழிபெயர்த்துப் பயன்படுத்த முடியாது, அனுமதி கேட்க வேண்டும்.

வீட்டுக்குப் போனால் ‘பாட்டி’, ‘தாத்தா’, ‘ஐயா’, ‘அம்மா’ என்றே பேசுங்கள், ‘நீங்க’ என்றே கேளுங்கள். ஒப்புதல் படிவத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்காமல் வாய்விட்டுப் படித்து விளக்குங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகன் பதிலை எடுத்துக் கொடுப்பார், அல்லது “இதுகூட தெரியலையா?” என்பார். மென்மையாக அவரை வேறு அறைக்கு அனுப்பிவிடுங்கள். பாட்டியின் மரியாதை அங்கே உங்கள் கையில் இருக்கிறது. பாதியில் போதும் என்று அவர் சொன்னால் போதும்தான்.

படித்து முடித்தால் வேலை?

விரிவுரையாளர், ஆய்வு அதிகாரி, மருத்துவமனை ஆய்வு மையங்கள், சிறப்புக் கல்வி, மென்பொருள் நிறுவனங்களில் பயனர் ஆய்வு. நிரந்தர விரிவுரையாளர் பணி எளிதில் கிடைப்பதில்லை, அதை மட்டும் நம்பி வராதீர்கள். தரவைக் கையாளத் தெரிந்தவர்களுக்கு வேறு கதவுகளும் உண்டு.

அக்கா, நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. வேலையை விடாமல் இதைப் படிக்க முடியுமா?

முடியும், பகுதிநேரமாக. உங்கள் கையில் அருமையான ஆய்வுக்களமும் இருக்கிறது. ஆறாண்டு தமிழில் படித்த பிள்ளை, பதின்மூன்று வயதில் மலாய் வழி இடைநிலைப்பள்ளிக்குப் போகிறது. அந்த மாற்றத்தின்போது செயல்நினைவும் கவனமும் வாசிப்பும் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன, எந்தப் பிள்ளை தடுமாறுகிறது, ஏன் என்பது நம் சமூகத்துக்கு உடனே தேவைப்படும் கேள்வி. பள்ளிகளில் ஆய்வு செய்யக் கல்வி அமைச்சின் அனுமதியை ஈராஸ் என்ற இணைய முறையில் விண்ணப்பித்துப் பெற வேண்டும். பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் தேவை.

ஒன்று மட்டும்: உங்கள் சொந்த வகுப்புப் பிள்ளைகளை நீங்களே சோதிக்காதீர்கள். டீச்சர் கேட்டால் மாட்டேன் என்று சொல்ல அவர்களால் முடியாது. பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியரிடம் பேசி அங்கே ஏற்பாடு செய்யுங்கள். உங்கள் வகுப்புப் பிள்ளைகளை, உங்களைப் போல இதைப் பகுதிநேரமாகப் படிக்கும் இன்னொருவர் சோதிக்கட்டும்.